ஒதுக்கிவைத்தல் என்னும் மறைமுக வதை

ஒரு கல்லூரியின் வாழ்வை அளவிடப் புகுவோர் அதன் கட்டடங்களையும் பரீட்சைப் பேறுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் எண்ணிப் பார்ப்பர். விழா மலர்களும் அவற்றையே பெரிதும் எடுத்தோதும். அஃது இயல்பே. எனினும், அக்கல்லூரி தன்பால் வந்த பிள்ளைகளுக்கு யாது செய்தது என்பதை உள்ளவாறு அறியவேண்டின், பரிசளிப்பு விழாவில் மேடையேறியவனை வினாவினாற் போதாது. இடைவேளையிற் கதைத்தற்கு ஒருவருமின்றி வேப்பமர நிழலில் தனித்து நின்றவனையும் வினாவுதல் வேண்டும். அவன் பெயர் எந்த மலரிலும் அச்சேறுவதில்லை. அவனைப்பற்றியும், அவனை அந்நிலைக்கு ஆளாக்கிய கூட்டத்தின் இயல்பைப்பற்றியும், அதே கூட்டம் வளர்ந்து பெரியோரான பின்னரும் அச்செயலை வேறு கோலத்திற் செய்யுமாற்றைப்பற்றியும் ஈண்டுச் சிறிது விளக்க முயல்கின்றேன்.

வலியார் மெலியாரை வருத்துதல் மூவகைப்படும். கையால் வருத்துதல் ஒன்று. வாயால் வருத்துதல் மற்றொன்று. கையை ஓங்காமலும் முகத்துக்கு நேரே வையாமலும், ஒருவனுக்குரிய நட்பையும் நற்பெயரையும் கூட்டத்தில் அவனுக்குள்ள இடத்தையும் பறித்து வருத்துதல் மூன்றாவது. இதனைச் சமூகவழி வதை எனலாம். விளையாட்டிற் சேர்க்காது விடுதல். அவன் வந்தமர்ந்ததும் வாங்கைவிட்டு எழுந்து போதல். அவன் அணுகியதும் பேச்சை நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தல். அவனோடு கதைப்பவனையும் விலக்கிவைப்போம் என்று மிரட்டுதல். நம்பிக் கூறிய இரகசியத்தை வகுப்பெங்கும் பரப்புதல். இல்லாததைக் கட்டிச் சொல்லுதல் என்பன இதன் உறுப்புக்கள். முதலிரு வகைக்கும் சான்று உண்டு. காயத்தைக் காட்டலாம், கேட்ட வசைச்சொல்லை அப்படியே சொல்லலாம். மூன்றாம் வகைக்கு ஆளானவன் ஆசிரியரிடம் சென்று யாது சொல்வான்? “அவர்கள் என்னோடு கதைக்கிறார்கள் இல்லை” என்றுதான் சொல்லலாம். “நீ போய்க் கதை” என்ற விடையோடு அவன் வழக்குத் தள்ளுபடியாகிவிடும்.

பிள்ளைகளுக்கிடையே எழும் பிணக்கெல்லாம் வதை ஆகா என்பதையும் இங்கே தெளிந்துகொள்ளல் வேண்டும். நம் ஊர்ச் சிறுவர் காலையிற் ‘கோபம்’ போட்டு மாலையில் ‘நேசம்’ ஆவர். இருவரும் ஒத்த வலிமையினராய்ச் சண்டையிட்டுப் பின்பு கூடுதல் வளர்ச்சியின் ஒரு பகுதியே. நோர்வே நாட்டிற் பணிபுரிந்த சுவீடன் உளநூலறிஞர் டான் ஒல்வேயஸ் வதையைப் பிணக்கினின்றும் பிரித்தறிய மூன்று அடையாளங்களைக் கூறினார். வேண்டுமென்றே செய்தல், ஒருமுறையன்றித் திரும்பத் திரும்பச் செய்தல், செய்வோனுக்கும் படுவோனுக்குமிடையே வலிமை ஏற்றத்தாழ்வு இருத்தல். வலிமையென்பது உடல் வலிமை மாத்திரமன்று. ஆள் தொகை, குடும்பச் செல்வாக்கு, பேச்சுத்திறன், ஆசிரியரிடம் பெற்ற நற்பெயர் யாவும் வலிமைகளே. ஒருவனுக்கு எதிரே முப்பதுபேர் வாய்மூடி நிற்கும்போது, அம்முப்பதின்மருள் ஒருவனேனும் வலியனாயிருத்தல் வேண்டியதில்லை.

இப்பொருள் ஆராய்ச்சிக்கு உரியதென உலகம் உணர்ந்தது அண்மைக்காலத்திலேயே. பறவைகள் கூட்டமாய்ச் சேர்ந்து ஓர் உயிரைத் துரத்துவதைக் குறிக்க விலங்குநூலார் வழங்கிய சொல்லை, பிள்ளைகள் ஒருவனைச் சூழ்ந்து வருத்துவதற்குச் சுவீடன் நாட்டு மருத்துவர் பீற்றர் பவுல் ஹைனமன் 1969ஆம் ஆண்டில் எடுத்தாண்டார். அதனைத் தொடர்ந்து 1970களில் ஒல்வேயஸின் ஆய்வுகள் வெளிவந்தன. 1982ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். சகமாணாக்கர் இழைத்த கொடுமையே பெரிதும் காரணமெனக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டே அந்நாட்டரசு நாடளாவிய இயக்கமொன்றைத் தொடங்கியது. பேர்கன் நகரை அடுத்த 42 பாடசாலைகளில் ஏறத்தாழ 2,500 மாணாக்கரிடையே அம்முயற்சியின் பயனை ஒல்வேயஸ் ஆராய்ந்தார். இரண்டாண்டுக்குள் வதை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தமை புலனாயிற்று. ‘பிள்ளைகள் என்றால் அப்படித்தான்’ என்று கைவிடத்தக்கதன்று இஃது. பெரியோர் முயன்றாற் குறைக்கத்தக்கது என்பது அன்று தெளிவாயிற்று.

ஆயினும், தொடக்ககால ஆய்வாளர் கண்டவை பெரும்பாலும் கைவதையும் வாய்வதையுமே. மறைமுக வதையைத் தனியே பிரித்து நோக்கிய பெருமை பின்லாந்து நாட்டு லாகர்ஸ்பெற்ஸ், பியோர்க்விஸ்ற் முதலியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்கு உரியது. 1995இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக் என்பார், நட்புறவையே ஆயுதமாக்கி வருத்தும் முறையை விரிவாக ஆராய்ந்தார். இது பெண்பிள்ளைகளின் வழக்கம் என்றே அந்நாளிற் பலரும் எண்ணினர். பின்னர்ப் பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து 2008இல் வெளியான ஆய்வொன்று, இவ்வகையில் ஆண் பெண் வேற்றுமை மிகச் சிறிதே எனக் காட்டிற்று. ஆண்பிள்ளைகள் கற்கும் கல்லூரிகளில் இருப்போர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. ஆண்பிள்ளைகளின் முரட்டுத்தனம் எளிதிற் கண்ணிற் படுவதால், அதன் பின்னே ஒளிந்துநிற்கும் மௌனக் கொடுமை நம் கண்ணிற் படுவதில்லை.

ஒதுக்கப்படுதல் ஏன் இத்துணை நோகின்றது? மனிதக் குழவி பிறந்த அன்றே பிறர் துணையின்றி வாழமாட்டாத உயிர். கூட்டத்தை விட்டு நீங்குதல் பன்னெடுங்காலம் சாவுக்கு ஒப்பாயிருந்தது. ஆகவே, விலக்கப்படுவதன் முதற் குறியைக் கண்டமாத்திரத்தே கலங்கும் இயல்பு நம்முள் ஊறிக்கிடக்கின்றது. இதனை அளந்தறியக் கிப்லிங் வில்லியம்ஸ் என்னும் உளநூலறிஞர் எளிய உபாயம் ஒன்று கண்டார். கணனித் திரையில் மூவர் பந்தெறிந்து விளையாடுவர். அவருள் ஒருவரே ஆய்வுக்கு உட்படும் உண்மையான மனிதர். சிலமுறை பந்து அவரிடம் வரும். பின்பு மற்றையிருவரும் தமக்குள்ளே எறிந்துகொண்டு அவரை மறந்துவிடுவர். சில நிமிட விளையாட்டேயாயினும், அவ்வாறு மறக்கப்பட்டவர் தம்மதிப்புக் குன்றி, தாம் எவருக்கும் உரியரல்லர் என்னும் உணர்வோடு எழுந்து செல்வர். மற்றையிருவரும் மனிதரல்லர், கணனியே என்று முன்கூட்டிச் சொல்லியபோதும் நோவு நீங்கவில்லை என்று 2004இலும், தாம் வெறுக்கும் ஒரு கூட்டத்தார் ஒதுக்கினாலும் மனிதர் வருந்துவர் என்று 2007இலும் வெளிவந்த ஆய்வுகள் கூறும். அவ்விளையாட்டின்போதே மூளையைப் படம்பிடித்து நோக்கி 2003இல் வெளியிட்ட ஆய்வு, உடல் நோவிற் தொழிற்படும் பகுதியொன்று ஒதுக்கப்பட்டபோதும் தொழிற்பட்டதைக் காட்டிற்று. அவ்விரு நோவும் எவ்வளவுக்கு ஒன்று என்பது பற்றி அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். நோவு உண்டு என்பதில் வாதமில்லை. “அவர்கள் கதைக்காவிட்டால் உனக்கென்ன? நீ உன் பாட்டைப் பார்” என்று பிள்ளைக்கு ஆறுதல் கூறும் பெற்றோர், ஆகாத ஒன்றை ஆகுக என்கின்றனர்.

பண்டை ஏதென்ஸ் நகரில் ஒருவரை நாடுகடத்த விரும்பினால் மக்கள் ஓட்டுத் துண்டுகளிற் பெயரைக் கீறி வாக்களிப்பர். ஆறாயிரம் ஓடுகள் வேண்டும். விலக்கு 10 ஆண்டுக்கு; அவர்தம் சொத்து அவருக்கே உரியது; காலம் முடிந்ததும் அவர் திரும்பலாம். நம் வகுப்பறையில் நிகழும் விலக்குக்கு வாக்கெடுப்பில்லை, குற்றப்பத்திரிகையில்லை, கால எல்லையுமில்லை. தன்மேற் சாட்டப்பட்ட குற்றம் யாதென அறியாமையினாலேயே பிள்ளை தன்னிடத்துக் குற்றம் தேடத் தொடங்குகின்றான். தன் நிறம், தன் நடை, தன் தந்தையின் தொழில், தன் உச்சரிப்பு என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து, முடிவில் ‘நானே குற்றம்’ என்று தீர்ப்பளித்துக்கொள்கின்றான். வதையின் உச்சம் இதுவே. பிறர் தொடங்கிய வேலையை அவன் தானே நிறைவேற்றுகின்றான்.

அதன் வடு பாடசாலையோடு ஒழிவதில்லை. பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டின் ஒரு கிழமையிற் பிறந்த பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து வரும் ஆய்வொன்று உண்டு. அவருள் 7, 11 வயதுகளிற் சகபிள்ளைகளால் வதைக்கப்பட்டோருக்கு ஐம்பதாம் வயதிலும் உளத்துன்பம் மற்றையோரைவிட மிகுதியாயிருந்தது என்று 2014இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. நாற்பது ஆண்டு கடந்தும் ஆறாத புண்ணை ‘விளையாட்டு’ என்று சொல்லலாமா? பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்னும் நம் பழமொழி இதனை முன்னமே அறிந்திருக்கின்றது.

நம் காப்பியங்கள் தாமும் அறிந்திருந்தன. கம்பர் காட்டும் கூனியை எல்லோரும் சூழ்ச்சிக்காரி என்றே அறிவோம். அவள் உள்ளத்துப் பகை எங்கிருந்து முளைத்தது என்பதையும் கம்பர் சொல்லாது விடவில்லை. இராமன் சிறுவனாயிருந்தபோது விளையாட்டாக அவள் கூனின்மீது வில்லுண்டை எறிந்தான். எறிந்தவன் மறந்தான், எறியுண்டவள் மறக்கவில்லை. ஓர் அரசு நிலைகுலைந்தமைக்குக் காரணம் தேடும் புலவர், உடற்குறையை நோக்கி எய்த ஒரு சிறு மண்ணுருண்டையையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றார். கன்னன் கதையும் இத்தகையதே. அரங்கில் வில்வித்தை காட்ட வந்தவனிடம் வித்தையை வினாவாது குலத்தை வினாவினர். அந்நேரத்தில் அவனுக்கு இடங்கொடுத்தவன் துரியோதனன் ஒருவனே. பின்னர் நியாயம் எப்பக்கம் என்று தெரிந்தும் கன்னனால் அவனைவிட்டு நீங்க இயலவில்லை. எல்லோரும் கைவிட்ட பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் முதற் கூட்டம் எத்தகையதாயினும் அவன் அதனோடு ஒட்டிக்கொள்வான். ஒழுக்கங்கெட்ட நண்பரோடு ஏன் சேர்ந்தாய் என்று பிள்ளையை வினாவுமுன், ஒழுக்கமுள்ள நண்பர் அவனைச் சேர்த்துக்கொண்டனரா என வினாவுதல் முறை.

இனி, இதனைச் செய்வோர் யாவர்? வதைப்பவன் அறிவு மந்தமான முரடன் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. 1999இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று இதற்கு மாறான உண்மையைக் கண்டது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வதைப்போர் பிறர் உள்ளத்தை ஊகித்தறிவதில் மற்றையோரினும் வல்லவராயிருந்தனர். எங்கே தொட்டால் நோகும் என்று அறிந்தவனே அங்கே தொடுவான். ஆசிரியர் முன்னிலையிற் பணிவும் இன்சொல்லும் உடையவனாயிருத்தலும் அவனுக்கு எளிது. ஆகவே, “அவனா? நல்ல பிள்ளையாயிற்றே!” என்னும் வியப்பு ஆசிரியர்க்கு அடிக்கடி நேர்கின்றது.

தலைவன் ஒருவனால் மாத்திரம் இஃது இயலாது. 1996இற் பின்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்ரினா சல்மிவல்லி என்பார், வகுப்பிலுள்ள ஏறத்தாழ ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நாடகத்தில் ஒரு வேடம் உண்டு எனக் காட்டினார். தொடக்கிவைப்பவன், அவனுக்குக் கையாளாய் நிற்பவன், சிரித்து ஊக்கம் கொடுப்பவன், காணாதவன்போல் ஒதுங்குபவன், படுபவனுக்குத் துணைநிற்பவன், படுபவன் என அவர் வகுத்தார். இவருள் நம் கவனத்துக்குரியோர் சிரிப்பவரும் ஒதுங்குபவருமே. சிரிப்பு இல்லையேல் நடிகனுக்கு மேடையில்லை. கனடாவின் ரொறன்ரோ நகரப் பாடசாலை முற்றங்களிற் பிள்ளைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட அறிக்கை, வதை நிகழ்ந்த வேளைகளிற் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் மற்றைப் பிள்ளைகள் அருகே நின்றனர் என்கின்றது. அவர்கள் குறுக்கிட்டதோ ஐந்தில் ஒன்றிற்குக் குறைவே. ஆயின், குறுக்கிட்டவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவற்றிற் பத்து விநாடிக்குள் வதை நின்றுவிட்டது. பத்து விநாடி! ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நேரம்.

திரௌபதியை அவைக்கு இழுத்து வந்தபோது வீடுமனும் துரோணனும் அங்கிருந்தனர். வில்லுக்கும் கல்விக்கும் குறைவில்லாத அவை அது. வாய்திறந்து நியாயம் பேசியவருள் ஒருவன் துரியோதனன் தம்பியாகிய விகர்ணன். அவன் சொல் ஏறவில்லை. எனினும், அவையோர் அனைவரும் உடன்பட்டனர் என்னும் பழியினின்று அவன் நீங்கினான். படுபவன் பிற்காலத்தில் நினைவிற்கொள்வது பெரும்பாலும் வதைத்தவன் முகத்தையன்று. பார்த்துக்கொண்டிருந்த நல்லவர்களின் முகங்களையே.

பெரியோரும் அப்பார்வையாளருள் ஒருவராய்விடுவதுண்டு. யப்பானில், தோக்கியோ நகரப் பாடசாலையொன்றில், ஒரு மாணவன் இறந்துவிட்டதாகப் பாவனைசெய்து வகுப்பினர் இழவுச்சடங்கு நடத்தினர். அஞ்சலி மட்டையில் மாணாக்கரோடு ஆசிரியர் நால்வரும் கையொப்பமிட்டனர். வேடிக்கையென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். 1986ஆம் ஆண்டு தொடக்கத்தில் அம்மாணவன் உண்மையாகவே உயிரை மாய்த்துக்கொண்டான். அந்நாட்டில் இவ்வதையைத் தடுத்தற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது 2013இலேயே. வகுப்பறையில் ஆசிரியர் எறியும் ஒரு நக்கற்சொல், முப்பது மாணாக்கருக்கு வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் என்பதை நாம் மறத்தலாகாது.

வளர்ந்தோரிடத்து இவ்வதை ஒழிந்துவிடுகின்றதா? இல்லை, உடைமாற்றிக்கொள்கின்றது. சுவீடனில் ஹைன்ஸ் லேமன் என்பார் 1980களில் தொழிலகங்களை ஆராய்ந்து, பாடசாலை முற்றத்தில் நிகழ்ந்ததே காரியாலயங்களிலும் நிகழ்வதைக் கண்டார். கூட்டத்தின் நேரத்தை ஒருவருக்கு மாத்திரம் அறிவியாது விடுதல், அவர் கருத்தைக் கேளாததுபோல் அடுத்த பொருளுக்குச் செல்லுதல், திறமைக்குக் குறைந்த பணியை இடுதல், அவரைப்பற்றி மேலதிகாரியிடம் மெல்லக் கூறிவைத்தல் என்பன அதன் வழிகள். 1993இல் சுவீடன் அரசு தொழிலிடத்து இத்தகைய வருத்துதலைத் தடுக்கும் விதிகளை வகுத்தது. தொழிலிட வன்முறை, தொந்தரவு பற்றிய 190ஆம் இலக்கச் சமவாயத்தைச் சர்வதேசத் தொழில் தாபனம் 2019இல் நிறைவேற்றியது. நம் ஊரிலோ, நன்மை தின்மைக்குச் சொல்லாமல் விடுதல், சபையில் ஒருவர் வரக் கண்டதும் முகந்திருப்புதல், கோயில் உபயத்தில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தல் என்பன நெடுங்கால வழக்கு. இக்காலத்தில் வட்சப் குழு அதனை மேலும் எளிதாக்கிவிட்டது. ஒருவரை நீக்குதல் வேண்டியதில்லை. அவரொழிந்த ஏனையோரைக் கொண்டு புதிய குழு ஒன்றை அமைத்தாற் போதும். பிள்ளைகள் இவற்றைப் புதிதாய்க் கண்டுபிடிப்பதில்லை. விறாந்தையில் இருந்து பெரியோர் கதைப்பதைக் கேட்டே கற்கின்றனர்.

இங்கே நம்மவர் எளிதிற் பேச விரும்பாத ஒன்றையும் பேசியாதல் வேண்டும். சாதி என்பது பிறப்பை நோக்கி ஊரே கூடிச் செய்யும் ஒதுக்கல். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சில பிள்ளைகள் நிலத்திலும் ஏனையோர் வாங்கிலும் இருந்து படித்த காலம் ஒன்றிருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிக் கல்விப் பகுதியார் சம ஆசனம் வழங்குமாறு பணித்தபோது எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதினும் பாடசாலை எரிவது மேல் என்று எண்ணிய பெரியோரும் இருந்தனர் என்பதே அதன் பொருள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வாங்கைக் கொடுக்கும்; அவ்வாங்கில் அருகிருப்பவனின் பேச்சைக் கொடுக்காது. அதனைக் கொடுக்கவேண்டியவர் நாமே.

முன்னொருகால் யான் கற்பித்த பாடசாலையொன்றில், மலையகத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் எட்டாம் வகுப்பிற் சேர்ந்தான். வாசிப்பிற் கெட்டிக்காரன். அவன் எழுந்து பேசிய முதல்நாளே, ‘இருக்குதுங்க’ என்ற அவன் சொல்லைப் பின்வாங்கிலிருந்து ஒருவன் எதிரொலித்தான். ஒரு கிழமைக்குள் அவன் பெயர் மறைந்து ‘தோட்டக்காட்டான்’ என்பதே பெயராயிற்று. தேயிலைக் கொழுந்து பறித்து இந்நாட்டைப் பல தலைமுறையாகத் தாங்கிய மக்களை நம்மவர் இழித்துரைக்கும் சொல் அது. மாதமொன்று கழியுமுன் அவன் வாசிக்க எழுவதை நிறுத்திவிட்டான்; நெஞ்சு நோகிறது, தொண்டை நோகிறது என்பான். கண்டித்தேன், என் முன்னிலையிற் சொல் அடங்கியது, முற்றத்தில் அடங்கவில்லை. பின்னொருநாள், வகுப்பிற் செல்வாக்குள்ள கிரிக்கெற் ஆட்டக்காரன் ஒருவன், எவரும் ஏவாமலே, தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய் அவனருகில் அமர்ந்தான். வாசிப்புப் பாடத்தில் இருவரும் பந்திக்குப் பந்தி மாறிமாறி வாசித்தனர். எவரும் எதிரொலிக்கவில்லை. ஆசிரியன் கண்டனத்தால் ஆகாதது, ஒரு மாணவன் இடம்மாறி அமர்ந்ததால் ஆயிற்று. செல்வாக்குடைய மாணாக்கர் தம் கையிலுள்ள மருந்தின் வலிமையைப் பெரும்பாலும் அறியார்.

பல்கலைக்கழகங்களிற் பகிடிவதை என வழங்குவதும் இம்மரத்தின் கிளையே. ‘நானும் பட்டேன், நீயும் படு’ என்பது அதன் நியாயம். உடன்படாதவனை ஆண்டு முழுதும் ஒதுக்கிவைப்போம் என்பது அதன் ஆயுதம். 1997இற் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாய் உயிர் நீத்தார். மறு ஆண்டிலேயே 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் அவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. அங்கே வதைப்போர் ஒரு நாளில் உருவானவரல்லர். நம் வகுப்பறைகளிற் பயின்று சென்றவர்களே.

செய்யத்தக்கன யாவை? முதற்கண் ஆசிரியர். ஒத்தார் இருவர் சண்டைக்கு ஏற்ற மருந்து வதைக்கு ஏலாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் செய்தால், வலியவன் சிரித்துக்கொண்டு கைகொடுப்பான். மெலியவன் அடுத்தநாள் அதற்கு விலைகொடுப்பான். இருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுதலும், கூட்டத்தைக் கலைத்து ஒவ்வொருவரையும் தனியே வினாவுதலும் நன்று. கூட்டத்திற் துணிந்தவன் தனிமையிற் துணியான். விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போது தலைவர் இருவரை நிறுத்தி ஒவ்வொருவராய்த் தெரியவிடுதல் கூடாது. ஒவ்வொரு முறையும் கடைசியாய் எஞ்சுபவன் ஒருவனே. எண்ணிப் பிரித்தாற் போதும். யார் அருகில் இருக்க விரும்புகின்றாய் என ஒவ்வொரு மாணவனையும் இரகசியமாய் எழுதச்செய்து வரைபடமாக்கும் முறையை 1934இல் மொறேனோ என்பார் நூலாக்கினார். பயிற்சிக் கலாசாலையில் நாம் பரீட்சைக்காகப் படித்து மறந்த அவ்வரைபடத்தை ஆண்டுக்கு இருமுறை கீறிப் பார்த்தால், எவர் பெயரும் சுட்டாத பிள்ளை எவன் என்பது ஒரு தாளிலே தெரிந்துவிடும்.

பெற்றோர் அறியவேண்டிய குறிகள் சில. திங்கட்கிழமைக் காலையில் மாத்திரம் வயிற்று நோவு வருதல். கட்டிக்கொடுத்த சாப்பாடு தொடாமலே திரும்புதல். நண்பர் பெயர் எதுவும் பேச்சில் வாராமை. விருப்பமான பாடத்தில் திடீரெனப் பின்னிடைதல். இவற்றைக் கண்டால் “நீ என்ன செய்தாய்?” என்று தொடங்குதல் கூடாது. “யாரோடு இருந்து சாப்பிட்டாய்?” என்னும் எளிய வினா பல கதவுகளைத் திறக்கும். நாள், இடம், நிகழ்ந்தது ஆகியவற்றைக் குறித்துவைத்து வகுப்பாசிரியரையும் பின்பு அதிபரையும் காணலாம். கொடுமை எல்லை மீறின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கின்றது.

மாணாக்கருக்கு ஒரு சொல். கோள் சொல்லுதலும் உதவி கேட்டலும் ஒன்றல்ல. ஒருவனைத் துன்பத்தில் மாட்டிவைக்கச் சொல்வது கோள். ஒருவனைத் துன்பத்தினின்று மீட்கச் சொல்வது உதவி. துணைநிற்றற்குச் சண்டையிடவேண்டிய அவசியமில்லை. சிரியாதிருத்தல் ஒரு துணை. “வா, எங்களோடு இரு” என்பது பெருந்துணை. அதுவும் இயலாதாயின், பாடசாலை விட்டதும் அவனோடு சைக்கிளிற் சிறிது தூரம் சேர்ந்து செல்லுங்கள். தான் முழுவதும் தனியனல்லன் என்று அறிந்த பிள்ளை மறுநாளும் பாடசாலைக்கு வருவான்.

பழைய மாணவர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. வள்ளுவர் அறத்துப்பாலில் இனியவை கூறலுக்கும் புறங்கூறாமைக்கும் இன்னா செய்யாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவற்றைப் பாடமாக்கி ஒப்புவித்தே நாம் எல்லோரும் பரீட்சையிற் தேறினோம். ஒன்றுகூடல்களில் நாம் பழைய பட்டப்பெயர்களை நினைவுகூர்ந்து மகிழ்கின்றோம். அவற்றுட் பல அன்பினால் எழுந்தவை, அவை இருக்கட்டும். ஆனால், அழைப்பிதழ் சென்றும் எந்த ஒன்றுகூடலுக்கும் வாராத வகுப்புத் தோழர் ஒருவரேனும் ஒவ்வோர் ஆண்டுத் தொகுதியிலும் உண்டு. அவர் வேலை மிகுதியால் வாராதிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், அவருடைய பட்டப்பெயரைக் கேட்க விரும்பாமலும் இருக்கலாம். இவ்விழா ஆண்டில் அவரை ஒருமுறை அவருடைய சொந்தப் பெயராலே அழைத்துப் பேசுங்கள். அவர் வந்தால் அருகில் இருத்துங்கள். அன்றைய சிறுவனுக்கு நாம் கொடாத இடத்தை இன்றைய மனிதருக்குக் கொடுத்தல் காலங்கடந்ததன்று.